அலமாரிக் காலடியில் வளர்ந்த கொசு

போன வாரம் வியாழக்கிழமை காலையில் இரண்டு பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒரு பெண், ஒரு பையன். கழுத்தில் அட்டை, கையில் டார்ச் லைட். கொசு பார்க்க வந்திருக்கிறார்களாம். இது ஐந்தாம் மாடி, கொசுவே லிஃப்டில்தான் வரவேண்டும், அந்த லிஃப்டும் மாதத்தில் பாதி நாள் ஓடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்தாள். "ரெண்டு நிமிஷம்தான் லா, ஆண்ட்டி," என்றபடி நேராக என் கறிவேப்பிலைத் தொட்டியிடம் போய், அடியில் இருந்த தட்டில் வெளிச்சம் அடித்தாள்.

"இங்க பாருங்க ஆண்ட்டி. ஜெந்திக்-ஜெந்திக்."

கொசுப்புழுவுக்கு மலாயில் அப்படித்தான் பெயர். எண்பது தாண்டிய முதுகு குனிவதற்குச் சம்மதிப்பதில்லை. ஆனாலும் குனிந்து பார்த்தேன். தட்டுத் தண்ணீரில் ஏழெட்டுப் பேர் தலைகீழாகத் தொங்கியபடி வாலால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எனக்குப் பழைய சிநேகிதர்கள்.

பெண் ஏதோ ஃபாரத்தை நிரப்பினாள், தட்டைக் கவிழ்த்தாள், எனக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். போகும்போது ஒரு தாளை நீட்டி, "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா குடுங்க ஆண்ட்டி, கலர் பண்ணலாம்," என்றாள். தாளில் நாலு கட்டம். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று வரிசையாக வரைந்து வண்ணம் தீட்டவேண்டும். அப்பா அம்மாவின் துணையோடு செய்யவேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது, நான் ஒருத்திதான். தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போனபிறகு தட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடலாமென்று தேடினேன். இந்தக் காலத்தில் யார் வீட்டில் மண்ணெண்ணெய் இருக்கிறது? ஆனால் தேடும்போதே வாசனை மூக்குக்கு வந்துவிட்டது. எங்கள் அப்பாவின் வாசனை அது.

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருடம் முந்திய கதை. பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆற்றோரத்தில், பலகை வீடுகளின் வரிசையில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குக் கொசு ஆபீஸில் வேலை. காக்கிக் கால்சட்டை, தொப்பி, ஒரு டார்ச், ஒரு அகப்பை, தக்கை போட்ட ஒரு கண்ணாடிக் குழாய், சட்டைப் பையில் ஒரு நோட்டு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கிய இடத்தையெல்லாம் பார்ப்பார். புழு இருந்தால் கொஞ்சம் குழாயில் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிவிட்டு, வீட்டு நம்பரை நோட்டில் எழுதுவார். சாக்கடைக்கு எண்ணெய் தெளிப்பார். எங்கள் வரிசையும் அவருடைய வட்டாரத்தில்தான் இருந்தது. ஆகவே எங்களோடு யாரும் அவ்வளவாகச் சிரித்துப் பேசமாட்டார்கள். குறிப்பாகப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா. அவளுடைய தெம்பாயானை, அதாவது இடுப்பளவு உயரத் தண்ணீர்ச் சாடியை, அப்பா இரண்டு தடவை கவிழ்த்திருக்கிறார். நிரப்புவதற்குத் தெருக்குழாயிலிருந்து இருபது நடை நடக்கவேண்டும். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அப்பா விடியும் முன்பே கிளம்பி, மத்தியானம் வந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். வீடோ ஒரே அறை. எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஐந்து. இரண்டு வாயையும் அடைக்க எங்கள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இன்றைக்குப் பெரிய பள்ளிக்கூடங்களில் புத்தகம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்களே, வீட்டிலேயே பார்த்துப் படிப்பது என்று, அதை அவள் அன்றைக்கே நடத்தினாள்.

"போய் ஒரு பூச்சியைப் பாருங்க. எத்தனை காலு, என்ன திங்குது, எங்க தூங்குது, எல்லாம் பார்த்துட்டு வந்து சொல்லணும். சத்தம் போட்டா பூச்சி ஓடிப்போயிரும். சரியாச் சொன்னா பீசாங் கோரெங்."

பீசாங் கோரெங் என்றால் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம். அதற்காக நாங்கள் புலியின் காலைக்கூட எண்ணியிருப்போம். எறும்புக்கு ஆறு கால், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சிலந்திக்கு எட்டு, அதுவும் பத்து நிமிடம்தான். அம்மாவுக்குத் தூக்கம் போதவில்லை. பிறகுதான் அவள் மரவட்டையைக் கண்டுபிடித்தாள். எண்ண ஆரம்பித்தால் அது சுருண்டுகொள்ளும். விரிகிறவரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணவேண்டும். அன்று அம்மா ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்.

தம்பிக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். "பத்து இருபது," என்று வந்து சொன்னான். நான் வெயிலில் குப்புறப் படுத்து நேர்மையாக எண்ணி, "நூத்தி எண்பத்தாறு," என்றேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, "தம்பி சொன்னதுதான் சரி," என்று சொல்லிவிட்டாள். வாழைப்பழம் அவனுக்குப் போயிற்று. எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். யாரும் மறுக்க முடியாத ஒன்றை என் கண்ணால் பார்த்து வந்து சொல்லவேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் பலகை இடுக்கை மறைக்க அப்பா ஆபீஸ் படம் ஒன்றை ஆணியடித்திருந்தார். கொசுவின் நாலு பருவம், நாலு படம். முதல் மூன்றை நம்பினேன். ஆனால் மூன்றாவதாக இருக்கும் அந்த மண்டை பெருத்த கூட்டுப்புழுவுக்குள்ளிருந்து, காலும் இறக்கையுமாக நாலாவது எப்படி வரும்? அப்பாவைக் கேட்டேன். "அதான் படத்துல போட்டிருக்குல்ல," என்றார். அது ஒரு பதிலா?

முதலில் கொசுவை விட்டுவிட்டுக் கௌரவமான பிராணி ஒன்றில்தான் ஆரம்பித்தேன். செல்லம்மா அக்கா வீட்டு எலுமிச்சைச் செடியில் பச்சைப் புழு ஒன்று கிடைத்தது. சிகரெட் டின்னில் இலையோடு போட்டுப் பட்டாம்பூச்சிக்காகக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் கோழி ஒன்று டின்னைத் தட்டிவிட்டது. இரண்டாம் பருவத்தோடு கதை முடிந்தது. இன்றைக்கும் எலுமிச்சை இலையைக் கசக்கினால் எனக்கு அந்தக் கோழியின் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் வீட்டில் கம்பிவலை போட்ட சாப்பாட்டு அலமாரி ஒன்று இருந்தது. எறும்பு ஏறாமலிருக்க நாலு காலையும் நாலு கிண்ணத் தண்ணீரில் நிறுத்தியிருந்தோம். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். அந்தத் தண்ணீரில் கொசு வளராமலிருக்க வெள்ளிக்கிழமை தோறும் அம்மா ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுவாள். அலமாரிக்கு அடியில் வெங்காயக் கூடை தெரியாமலிருக்க ஒரு பழைய சேலைத் துண்டு திரையாகத் தொங்கும். ஒருநாள் அந்தத் திரைக்குள் தலையை விட்டபோது எனக்குப் பொறி தட்டியது. அலமாரிக்கு நாலு கால். கொசுவுக்கு நாலு பருவம். இது எனக்காகவே செய்து வைத்தது.

"அம்மா, இனிமே மண்ணெண்ணெய் நான் ஊத்துறேன்மா," என்றேன். அம்மா மகிழ்ந்துபோனாள். கிண்ணங்களைச் சாம்பல் போட்டுக் கழுவி மழைத்தண்ணீர் ஊற்றினேன். கரித்தூள் ஒட்டினாற்போல மிதந்த முட்டைகள் முதல் கிண்ணத்துக்கு. புழுக்கள் இரண்டாவதற்கு. அவற்றை எங்கிருந்து எடுத்தேன் என்கிறீர்களா? செல்லம்மா அக்காவின் தெம்பாயானிலிருந்துதான். தினமும் அவள் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளி, ஒரு வாரத்தில் அவள் சாடியைப் பளிங்காக்கிவிட்டேன். கூட்டுப்புழுவானதும் கரண்டியால் மூன்றாவதற்கு. அதில் மூத்தவை நாலாவதற்கு. பறந்துவிடக்கூடாதே, அதனால் அம்மா தேங்காய்ப்பால் வடிகட்டும் மெல்லிய துணியை நாலாவது காலைச் சுற்றிக் கிண்ணத்தின்மேல் பாவாடைபோல விரித்து, என் ஒரு பின்னலின் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் காலோடு இறுக்கிக் கட்டினேன். அந்தப் பின்னலுக்கு வெறும் நூல்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு காலையில் அது நடந்தது. குப்புறப் படுத்துத் துணியோரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப்பரப்பில் ஒரு கூட்டுப்புழு அசையாமல் நின்றது. அதன் முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து வெளுத்த ஒன்று மெல்ல மெல்ல எழும்பி, காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, தான் கழற்றிப்போட்ட தோலின்மேலேயே, படகில் நிற்கும் சம்பான்காரன் மாதிரி நின்றது. இறக்கை காய்கிறவரை அப்படியே நின்றது. நான் மூச்சு விடவில்லை. உலகத்திலேயே இதைப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

அப்போது வெளியே பூட்ஸ் சத்தம். ஆபீஸ் துரை அப்பாவின் வேலையைச் சோதிக்க அவரோடு எங்கள் வரிசைக்கே வந்திருக்கிறார். செல்லம்மா அக்காவின் தெம்பாயானில் டார்ச் அடித்தார்கள். ஒரு புழு இல்லை. அப்பாவுக்கே ஆச்சரியம். செல்லம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னது எனக்குப் பலகை வழியாகக் கேட்டது. "பார்த்தாச்சுல்ல அண்ணே? இப்ப உங்க வீட்டையும் பாருங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?"

துரைக்கு ஏதோ புரிந்தது. எங்கள் வீட்டைக் காட்டி, "ரூமா சியாப்பா?" என்றார். யார் வீடு என்று அர்த்தம்.

"சாயா புன்யா, துவான்," என்றார் அப்பா. என் வீடுதான். அந்தக் குரலில் எவ்வளவு நிம்மதி.

இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அலமாரித் திரையை அப்பாவே பெருமையாக விலக்கினார். முதல் கிண்ணத்தில் டார்ச் நின்றது. இரண்டாவதில் நின்றது. மூன்றாவதிலும் நின்றது. நாலாவதுக்கு வந்ததும் அப்பா அந்தச் சிவப்பு ரிப்பனைப் பார்த்தார். பிறகு திரும்பி என் தலையைப் பார்த்தார். ஒரு பின்னலில் ரிப்பன், ஒரு பின்னலில் நூல்.

அப்பா துரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்த்து உள்ளங்கையில் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். துணி சரிந்தது. என் கொசு பறந்துபோய்த் துரையின் காதோரம் உட்கார்ந்தது. துரை தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்தார். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, சொல்லக்கூடாது.

"சாயா லூபா, துவான்," என்றார் அப்பா. நான்தான் மறந்துவிட்டேன் என்று. கொல்லைப்புறத்து அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஓடிவந்து, "இல்லீங்க, நான்தான் மண்ணெண்ணெயைக் கவனிக்காம விட்டுட்டேன்," என்றாள். எல்லார் முகத்தையும் பார்த்த தம்பி, "நான்தான் செஞ்சேன்," என்று அழ ஆரம்பித்தான். எது உடைந்தாலும் அவன் அப்படித்தான் அழுவான். மூன்று பேர் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த வீட்டில், வாயைத் திறக்காத ஒரே ஆள் நான். அப்பா குழாயில் எங்கள் வீட்டுப் புழுவைப் பிடித்துத் தக்கையை அடைத்தார். நோட்டில் எங்கள் வீட்டு நம்பரைத் தன் கையாலேயே எழுதினார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பட்டண வேலை போயிற்று. அக்கரையில், தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர்க் காட்டில் சாக்கடை பார்க்கவேண்டும். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீடு. செல்லம்மா அக்கா வந்து, "நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்," என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும் காலையில் அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து ரிப்பனை எடுத்து, நூலை அவிழ்த்துவிட்டு என் பின்னலில் கட்டினார். கோணலாகக் கட்டினார். மண்ணெண்ணெய் வாசனை அடித்தது.

"மூணாவதுலேருந்து நாலாவது வந்துச்சா? பார்த்தியா?"

"பார்த்தேம்பா."

"எப்படி வந்துச்சு? சொல்லு."

முதுகு வெடித்ததிலிருந்து சம்பான்காரன் மாதிரி நின்றது வரை எல்லாம் சொன்னேன். ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். அவர் அசையவில்லை. பத்து வருடமாகக் கொசுக்களை ஆயிரக்கணக்கில் கொன்ற மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"நான் பார்த்ததே இல்ல," என்றார். எழுந்து போய்விட்டார்.

போன எட்டாம் மாதம் மலேரியாக் காய்ச்சலோடு வந்தார். மூன்று போர்வைக்கு அடியில் அவர் நடுங்கியதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. பிழைத்துக்கொண்டார், பட்டண வேலையும் பிறகு கிடைத்தது. ஆனால் காய்ச்சல் பல வருடம் அவரைத் தேடி வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு தடவையும் பல் கிடுகிடுக்க என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். "உன் சிநேகிதக்காரங்க வந்துட்டாங்க." மன்னிப்புக் கேட்க அவர் எனக்கு இடமே கொடுக்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். அம்மா கடைசிவரை தான் கவனிக்காததுதான் காரணம் என்று நம்பிக்கொண்டே போனாள்.

அந்தப் பலகை வீடுகள் இல்லை. எலுமிச்சைச் செடி நின்ற இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சூலியா தெருவில் ஒரு கடையில் தெம்பாயான் ஒன்றைப் பார்த்தேன், உள்ளே பிளாஸ்டிக் பூ. கிண்ணத்தில் கால் வைத்து நிற்கும் அலமாரி எந்த வீட்டிலும் இல்லை. தம்பியும் இல்லை. நூற்று எண்பத்தாறு சரிதான் என்று அவன் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தபோது நான் தட்டிலிருந்து ஒரு புழுவை டீக்கரண்டியில் எடுத்துவிட்டேன். அடுப்படி ஜன்னலில், ஜாம் பாட்டிலில், மெல்லிய துணி கட்டி வைத்திருந்தேன். பயப்படாதீர்கள், பறக்க விடமாட்டேன். இன்று காலையில் முதுகு வெடித்து, காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, தன் தோலின்மேல் எழுந்து நின்றது. தாளை எடுத்து நாலாவது கட்டத்தை வரைந்து முடித்தேன். அப்பா, பார்த்தேம்பா.