அலுமாரிக்குள் இருந்த சூடு

கரண்ட் விசயத்தில எங்கட வீட்டில என்னைத் தவிர ஒருத்தரும் வாய் திறக்கேலாது. துறைமுகத்தில முப்பது வருசம் மின்சார வேலை பார்த்தனான் எண்ட திமிர். அந்தத் திமிர் செய்த வேலையைத்தான் சொல்லப்போறன்.

லிங்கநகர் வீட்டு ஹோலில ஒரு கண்ணாடி அலுமாரி. அதுக்குள்ள மேல்தட்டில பன்னிரண்டு வோல்ட் ஹலஜன் பல்ப் ரெண்டு, நான்தான் பூட்டினது. அதுக்குக் கீழ மனுசியின்ர தம்பியின்ர படம். குச்சவெளியில கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு அவனும் போனான், வீடும் போச்சு. பெருசாக்க எண்டு ஸ்டூடியோவில குடுத்திருந்த இந்த ஒரு படம்தான் மிஞ்சினது.

மனுசி அந்த லைட்டைப் பகலிலையும் நிப்பாட்டமாட்டா. கேட்டால், தண்ணிக்குள்ள கிடந்தவன், இஞ்சையாவது குளிராமல் இருக்கட்டும் எண்டுவா. படத்துக்கும் குளிருமோ, அப்ப ஒரு சுவெற்றரும் போட்டுவிடுமன் எண்டு நக்கலடிச்சனான். நினைக்க இப்ப வெக்கமாக் கிடக்கு.

போன மாரிக்கு முன்னம் ரெண்டையும் எல்.ஈ.டிக்கு மாத்தினன். ஹலஜன் வெளிச்சம் தாறதை விடச் சூடாகித்தான் கரண்டை வீணாக்குது எண்டது என்ர கதை. புது பல்ப் மினுக்கு மினுக்கெண்டு வெட்டிச்சுது. ஹலஜனுக்குப் போட்ட பழைய ட்ரான்ஸ்போமருக்கு இவ்வளவு கொஞ்சமாக் கரண்ட் இழுக்கிற பல்ப் ஒத்துவராது எண்டு உடன பிடிச்சிட்டன். அதையும் கழட்டி, ஏத்த மாதிரி ஒண்டைப் போட்டன். வெளிச்சம் ஆடாமல் நிண்டுது. மனுசி அலுமாரிக் கண்ணாடியில உள்ளங்கையை வைச்சுப் பாத்திட்டு, பழசையே போடுங்கோ எண்டு மெதுவாக் கேட்டா. விசர்க்கதை கதையாதையும் எண்டு பாய்ஞ்சு விழுந்தன்.

அந்த மாரி விடாத மழை. குசினியில உப்பெல்லாம் தண்ணியாப் போச்சு. தம்பியின்ர முகம் மங்குது எண்டு ரெண்டு தரம் சொன்னா. எல்.ஈ.டி வெளிச்சம் வெள்ளை, அதுதான் அப்பிடித் தெரியுது எண்டு சொல்லி வாயை அடைச்சுப்போட்டன்.

பொங்கலுக்கு வீடு துடைக்கேக்க படத்தை வெளிய எடுத்துப் பிரேமைக் கழட்டினம். முகம் முழுக்கப் பூஞ்சணம். அவசரக்குடுக்கை நான், இடுப்பில கட்டியிருந்த சாரத்தின்ர நுனியால ஒரு தடவை துடைச்சன். பூஞ்சணத்தோட அவன்ர கண்ணும் மூக்கும் துணியில வந்திட்டுது.

அப்பதான் எனக்கு விளங்கினது. அந்த ரெண்டு பல்பின்ர சூடுதான் இத்தனை மாரியும் அலுமாரியைக் காயவைச்சு அவனைக் காப்பாத்தியிருக்கு. போனில ஒரு படம் எடுத்து வைச்சிருக்கலாம். வீட்டிலதானே இருக்கு எண்டு அதையும் விட்டிட்டம். ஸ்டூடியோவும் எப்பவோ பூட்டியாச்சு.

மனுசி அழேல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த நாள் கடை கடையா அலைஞ்சு ஹலஜன் பல்ப் ரெண்டு வாங்கிவந்து, பழைய ட்ரான்ஸ்போமரோட திரும்பப் பூட்டினன். லைட்டைப் போட்டு அவவைக் கூப்பிட்டன். ஈரக்கையோட வந்து நிண்டு, முகமில்லாத அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பாத்தா.

"நிப்பாட்டுங்கோ. கரண்ட் வீண்," எண்டு சொல்லிப்போட்டுக் குசினிக்குப் போயிட்டா.