களை பிடுங்க எத்தனை நாள்?

எண்பதுகளின் தொடக்கத்தில் கண்டாவளைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பயிற்சி பெறாத ஆசிரியை நான். தபாலில் வரும் புத்தகங்களைப் படித்து, ஒப்படை எழுதி அனுப்பி, சனிக்கிழமைகளில் சைக்கிளில் பரந்தனுக்குப் போய், அங்கே பஸ் பிடித்துக் கிளிநொச்சியில் வகுப்புக்கும் போனால்தான் சான்றிதழ் கிடைக்கும். முதல் இரண்டு புத்தகங்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மூன்றாவதாக வந்தது கல்வித் தத்துவம். அதுவரை என் வகுப்புப் பிள்ளைகளை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இலட்சியவாதம் என்று முதல் அத்தியாயம். உண்மையும் நன்மையும் மனதில்தான் இருக்கின்றன, ஆசிரியர் அதற்கு ஒரு முன்மாதிரி என்றது. படித்து முடித்ததும் புல்லரித்தது. ஒரு கிழமை முழுக்க முதுகை நிமிர்த்திக்கொண்டு, சத்தம் போடாமல், முன்மாதிரியாக நடந்து திரிந்தேன். அடுத்தது இயற்கைவாதம். பிள்ளையை அதன் போக்கில் விடு, தண்டிக்காதே, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றது. அதுவும் சரியென்றே பட்டது. பிரம்பைக் கூரைக்குள் செருகிவிட்டுப் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டேன். அவர்கள் தும்பி பிடிக்கப் போனார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், உங்களுக்கு மட்டும் இண்டைக்கு லீவோ?" என்று கேட்டார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் அந்தக் கிழமை கோபப்படவும் புத்தகத்தில் இடமில்லை.

எந்த அத்தியாயத்தைப் படிக்கிறேனோ அந்தக் கட்சிக்குத் தாவுவதே என் வேலையாகிவிட்டது. சனிக்கிழமை வகுப்பில் எழுந்து, "சேர், இதுகளிலை எதைத்தான் நாங்கள் பின்பற்றுறது?" என்று கேட்டேன். விரிவுரையாளர் புன்னகைத்தார். "எல்லாத்திலையும் நல்லதை எடுங்கோ பிள்ளை" என்றார். எது நல்லது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கி வந்து கேட்கிறேன்?

மூன்றாம் அத்தியாயம் பயன்பாட்டுவாதம். செய்து கற்க வேண்டும், வாழ்க்கையில் வரும் பிரச்சினைதான் பாடம். இதற்கு ஒப்படையும் இருந்தது: வகுப்பறைக்கு வெளியே ஒரு பாடம் நடத்தி, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். வயலுக்கு நடுவில் இருந்துகொண்டு இடம் தேடுவதா? நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரர், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், பிள்ளைகளை அவருடைய வயலுக்குக் கூட்டிவந்து கொஞ்சம் களை பிடுங்க வைத்துக் கணக்குப் படிப்பிக்கலாமா என்று.

"ஓம் பிள்ளை, தாராளமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிள்ளையள் மண்ணையும் படிக்கத்தானே வேணும்" என்றார். இப்படிக் கல்வியில் பற்றுள்ள மனிதரா என்று உருகிப் போனேன்.

இருபத்தாறு பிள்ளைகள். காலடி வைத்து நீள அகலம் அளந்தார்கள். பிறகு ஒரு மூலை விடாமல் களை பிடுங்கினார்கள். காணி கிடைத்த குடியேற்றக்காரரின் பிள்ளைகள் இடைக்கிடை சேற்றை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்து, அங்கங்கே நெல்லையும் மிதித்தார்கள். ஒருத்தி மட்டும் சட்டையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, குனிந்தவள் நிமிராமல், இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டே போனாள். எழுபத்தேழில் தமிழர் மேல் நடந்த கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காணியில்லாமல் கூலிக்கு இருந்த குடும்பம் அவளுடையது. கணக்கில் என் வகுப்பின் முதல் ஆள். புலமைப்பரிசில் சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சித்தியடைந்தால் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவாள். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து போகக்கூடிய ஒரே பிள்ளை அவள்தான்.

மத்தியானம் வரம்பில் எல்லாரையும் இருத்தி வீட்டுக் கணக்குக் கொடுத்தேன். இந்த வயலின் பரப்பு என்ன? இதில் களை பிடுங்க ஒரு ஆளுக்கு எத்தனை நாள் வேண்டும்? வாழ்க்கையிலிருந்து எடுத்த கேள்வி என்று எனக்கே பெருமையாக இருந்தது. ஒப்படையை அன்றைக்கே எழுதினேன். 'ஒரு மாணவி மிகுந்த ஆர்வத்துடன் செய்து கற்றாள்' என்று ஒரு வரி.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே ஒரு கிழமை முட்டை விழுந்தது. வீட்டுக்காரர் மட்டும் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். "அடுத்த மாசம் தென்னைக்குப் பாத்தி கட்ட வேணும், அதிலையும் ஏதும் கணக்கு இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். பகிடியா உண்மையா என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். தாய் என்னைக் கண்டதும் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். கேட்காமலே தேத்தண்ணி வந்தது. பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்றார் தாய். "களை புடுங்கத்தான்னா அத நானே சொல்லிக் குடுத்துருவேனே. அதுக்கு பள்ளிக்கூடம் வேணாங்களே."

வேலையும் கல்விதான், கையால் செய்தால்தான் மூளைக்கு ஏறும், பெரிய பெரிய அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் அத்தியாயம் மூன்றை முழுதாக ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தப் பெரியவங்க புள்ளைங்களும் களை புடுங்குனாங்களா டீச்சர்?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். புத்தகத்தில் அது இல்லை.

"எங்கம்மா கொழுந்து எடுத்துச்சு, நானும் எடுத்தேன். இங்க வந்து களை எடுக்குறேன். இவ பெஞ்சுல ஒக்காந்து எழுதுறத ஒருநா வேலிக்கு அந்தப் பக்கமா நின்னு பாத்தேன். அது போதும்னு இருந்துச்சு. அப்பறம் பாத்தா வெள்ளைச் சட்டையோட வயல்ல நிக்கிறா."

அவமானமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இந்தத் தாயை எந்த வாதத்தில் சேர்ப்பது? வாங்கில் இருந்து எழுதுவதுதான் கல்வி என்பது பழைய கொள்கை, பிள்ளையின் கையைக் கட்டிப்போடும் கொள்கை என்று புத்தகம் சொன்னது. ஆனால் அவர் கைவிரல்களில் சேற்றுப் புண் வெடித்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி அவளை வயலில் இறக்க மாட்டேன் என்று சொன்னேன். "சோதனை வருகுது, அனுப்பி விடுங்கோ" என்று கெஞ்சினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த நாள் கிளிநொச்சியில் விரிவுரையாளர் என் ஒப்படையை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். 'மிகுந்த ஆர்வத்துடன்' என்ற வரியை இரண்டு தரம் வாசித்தார். மேலே சிவப்பு மையில் 'மிக நன்று. அடிக்கடி வெளியே கூட்டிச் செல்லவும்.' தாயின் கேள்வியை அவரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி. ஆனா பாடத்திட்டத்திலை இல்லை" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று பஸ்ஸில் வரும்போது எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். துவைத்த சட்டை, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ அழித்தேன். அவள் நேரே மேசைக்கு வந்து கொப்பியை நீட்டினாள். அன்றைக்கு வரம்பில் கொடுத்த கணக்கு. மற்றப் பிள்ளைகள் ஐந்து நாள், ஐம்பது நாள் என்று வாய்க்கு வந்ததை எழுதித் தந்து, நானும் திருத்தி முடித்திருந்தேன். இவள் காலடிக் கணக்கைப் பெருக்கிப் பரப்பைச் சரியாகக் கண்டிருந்தாள். இரண்டாவது கேள்விக்குக் கீழே குண்டு குண்டு எழுத்தில் இருந்தது:

'விடை: நான்கு நாள். ஒவ்வொரு போகமும் அந்த வயலில் களை பிடுங்குவது என்னுடைய அம்மா. அம்மாவைக் கேட்டு எழுதினேன். இந்தமுறை நாங்கள் பிடுங்கியபடியால் அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.'

தாய் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணி தந்தார்.

பிள்ளை என் கையிலிருந்த சிவப்புப் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரியா டீச்சர்?" என்றாள்.

"ஓம், சரி" என்று சொல்லிச் சரி போட்டேன். வகுப்பில் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவள் அவள் ஒருத்திதான்.