தொண்ணூறு மீட்டர் கட்டத்துக்குள் ஒரு ஓடை

அந்தமான் போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா முத்து மாலை வாங்கிவரச் சொன்னார். தம்பி பவளப்பாறைப் படம் கேட்டான். இரண்டு பேருக்கும் ஏமாற்றம்தான். நான் போனது வரைபடத்தில் இருந்த ஒரு புள்ளியைப் பார்க்க. வடக்கு அந்தமானில் உள்ள திக்லிபூர் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆனால் புள்ளிக் கதையை விட்டுவிட்டு இந்தப் பயணத்தை எழுத எனக்குத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது 2011 பிப்ரவரியில். சுனாமி வந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. கடலிலிருந்து ஒரு பெரிய அலை வந்தால் தண்ணீர் நிலத்தில் எதுவரை ஏறும் என்று கணக்கிடும் மென்பொருள் ஒன்றை எங்கள் ஆராய்ச்சிக் குழு எழுதிக்கொண்டிருந்தது. சென்னையில் இரண்டு பேர், புனேயில் இரண்டு பேர், போர்ட் பிளேரில் ஒருத்தி. நான் ஒருங்கிணைப்பாளர். நிரல் எழுதுவது என் வேலையல்ல. எழுதுகிறவர்களை ஒருவரோடொருவர் பேச வைப்பதும், யார் மாற்றியதால் யாருடையது ஓடாமல் நின்றது என்ற சண்டையைத் தீர்ப்பதும்தான் என் பிழைப்பு. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவின் வேலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

மென்பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 2004 அலையையே அதில் மறுபடி ஓட்டினோம். தண்ணீர் ஏறிய இடமெல்லாம் வரைபடத்தில் நீலமாகும். அதை, தண்ணீர் இதுவரை வந்தது என்று தீவு மக்கள் காட்டிய புள்ளிகளோடு ஒப்பிட்டோம். ஏறக்குறைய எல்லாம் பொருந்திவிட்டது. திக்லிபூர் பக்கம் ஒரே ஒரு வீடு மட்டும் மக்கர் செய்தது. அந்த வீட்டு அடுப்படியில் தண்ணீர் நின்றதாகத் தகவல். எங்கள் வரைபடத்திலோ அது காய்ந்த தரை. மார்ச் கடைசியில் வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும். அதை வைத்துத்தான் எச்சரிக்கை சைரன் எங்கே, ஒதுங்குமிடம் எங்கே என்று முடிவு செய்வார்கள். நீலத்தில் வராத இடத்துக்குச் சைரன் கிடையாது.

சென்னையில் இருக்கும் பிரபுதான் எங்கள் நிரலை வேகமாக ஓட வைத்தவன். "ஒரு புள்ளிதானே, ஞாபகப் பிசகா இருக்கும், எடுத்துடலாம்" என்றான். புள்ளிகளைச் சேகரித்தவள் போர்ட் பிளேர் கலைவாணி. அவள் சண்டைக்கு வருவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சும்மா இருக்கிறவளா அவள்? நிரலில் ஒரு வேரியபிளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அரை மணி நேரம் மல்லுக்கு நிற்பவள். ஆனால் தொலைபேசியில் "சரி, எடுத்துடலாம்" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்றைக்கே டிக்கெட் பார்த்தேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். போகவர ஒன்பதாயிரத்துச் சொச்சம். கப்பல் மலிவுதான், ஆனால் மூன்று நாளுக்கு மேல் ஆகும், எனக்குக் குளத்துப் படகிலேயே தலை சுற்றும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துபஸ்தியில் ஒரு விடுதியில் தங்கினேன், அறை அறுநூறு ரூபாய். கலை குடியிருப்பது லம்பா லைன் பகுதியில். ஆட்டோவில் போனேன். மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது, முதல்முறை போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள். மீன் குழம்பு வைத்திருந்தாள். குழுவில் எல்லோரையும் பற்றிப் பேசினாள், புள்ளியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. "நாளைக்கு அந்த வீட்டைப் பார்த்துட்டு வருவோம்" என்றேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "பஸ் காலைல நாலு மணிக்கு மேடம்" என்றாள்.

அரசுப் பேருந்து, ஆளுக்கு நூற்று எழுபது ரூபாய். தூரம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நேரமோ பன்னிரண்டு மணி. ஜிர்காடாங் என்ற இடத்தில் வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, காவல் துணையோடு ஒரே கூட்டமாக விடுகிறார்கள். அதற்கப்புறம் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. என் முன்சீட்டுக்காரர் மொபைலைத் தூக்கியதும் நடத்துநர் "அண்ணே, போன் அந்தர் வைங்க, எனக்கு நௌகரி போயிரும்" என்று, வேலை போய்விடும் போனை உள்ளே வை என்பதைத் தமிழும் இந்தியுமாகச் சொல்லி அதட்டினார். அந்தப் பேருந்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். வழியில் இரண்டு இடங்களில் பேருந்தையே படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். இரண்டாவது படகில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றபோதுதான் கலை பேசினாள்.

"அது எங்க பெரியப்பா வீடு மேடம்."

"அப்புறம் ஏன் எடுத்துடலாம்னு சொன்ன?"

"அவருதான் எடுக்கச் சொன்னாரு. முப்பது வருசமா அங்க இருக்காங்க, இன்னும் பட்டா இல்ல. இப்பதான் ஃபைல் நகருது. தண்ணி வர்ற எடம்னு சர்க்கார் படத்துல வந்துட்டா பட்டா குடுக்க மாட்டாங்க, எந்திரிச்சுப் போங்கன்னுடுவாங்கன்னு பயப்படுறாரு."

"தண்ணி வந்தது நிஜமா?"

"நிஜம் மேடம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ஐந்து பேரின் இரண்டு வருட உழைப்பு, இவள் பெரியப்பாவுக்காக ஒரு புள்ளியைக் கழற்றுகிறாளா? ஆனால் முப்பது வருடம் குடியிருந்த வீட்டைவிட்டு எழுந்து போ என்று என் பெரியப்பாவிடம் யாராவது சொன்னால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியோடு பேருந்தில் ஏறினேன்.

திக்லிபூர் போய்ச் சேர மாலை நாலே கால். கடைத்தெருவில் விடுதி அறை நானூறு. மறுநாள் காலை ஆட்டோ பிடித்தோம், போகவர இருநூற்றைம்பது ரூபாய். வழியெல்லாம் வயலும் பாக்குத் தோட்டமும்தான். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

பெரியப்பா ராமநாதபுரத்துக்காரர். கூலி வேலைக்கு வந்து பாக்கும் தென்னையும் போட்டவர். "வாங்கம்மா, மெயின்லேண்டுல இருந்தா வர்றீக? மொதல்ல டீயக் குடிங்க" என்றார். டீ வருவதற்குள் விஷயத்துக்கும் வந்துவிட்டார். "தண்ணி வந்தது வாஸ்தவம். இல்லைங்கல. ஆனா அந்தப் பூகம்பத்துல இங்கிட்டு நிலமே மேல வந்துருச்சு. இனி வராது. அதப் படத்துல போட்டு என்ன செய்யப் போறீக? போடாதீக."

நிலம் உயர்ந்தது உண்மைதான். அந்தப் பூகம்பத்தில் வடக்கு அந்தமான் மேலே வந்தது, போர்ட் பிளேர் பக்கம் கீழே போனது. ஆனால் இனி வராது என்று எங்களால் சொல்ல முடியாது. நான் வாசலில் நின்று கடல் இருக்கும் திசையைப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டராவது இருக்கும், நடுவில் தென்னை நிற்கும் மேடு. அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீர் வரவே வராது. எங்கள் மென்பொருள் சொன்னது சரிபோலத்தான் தோன்றியது.

"கடல்ல இருந்து வரல. இங்கிட்டு வாங்க" என்று பெரியம்மா பின்பக்கம் கூட்டிப்போனார். கொல்லையை ஒட்டி ஒரு ஓடை. அங்கே அதை நாலா என்கிறார்கள். கடல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்குவது. நிலம் உயர்ந்ததில் தண்ணீர் எட்டாமல் கரையோரச் சதுப்பு மரங்கள் பட்டுப்போய் நின்றன. அகலம் இருபது மீட்டருக்கு மேல் இருக்காது. அலை மேட்டின் மேல் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு ஓடை வழியாகப் பின்னாலிருந்து வந்திருக்கிறது.

இதை எங்கள் மென்பொருள் ஏன் பார்க்கவில்லை என்று கலை தன் பெரியப்பாவுக்குச் சொன்னதையே எழுதுகிறேன், அதைவிட எளிமையாக எனக்கு வராது.

"எங்க கம்ப்யூட்டர் நிலத்தக் கட்டம் கட்டமா வெட்டும் பெரியப்பா. ஒரு கட்டம் தொண்ணூறு மீட்டர். ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம்தான். நாலா இருபது மீட்டர், மிச்சமெல்லாம் மேடு. ரெண்டையும் சேத்து சராசரி போட்டதுல நாலா காணாமப் போச்சு. கம்ப்யூட்டர் நாலாவ மண்ணப் போட்டு மூடிருச்சு."

"இந்த நாலாவையா?"

"எல்லா நாலாவையும்."

வேகமாக ஓட வேண்டும் என்று பெரிய கட்டமாக வைத்தது நாங்கள்தான். அதற்காக ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதும் நாங்கள்தான். ஓடைக்கரையில் இருக்கும் எந்த வீடும் எங்கள் வரைபடத்தில் நனையாது. எந்த வீட்டுக்கும் சைரன் வராது. அதைக் காட்டிக்கொடுக்க எங்களிடம் இருந்தது இந்த ஒரு புள்ளி மட்டும்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கலையைக் கேட்டேன்.

"போன வாரம்தான் தோணுச்சு மேடம். சொன்னா இந்த வீட்டத்தான் ஆதாரமாக் காட்டணும்." அவள் கண் கலங்கியிருந்தது.

பெரியப்பா மோவாயைத் தடவினார். "அப்ப எத்தன வீடு நீலமாகும்?"

"இங்க இருந்து படகு ஜெட்டி வரைக்கும் நாலாக்கரையில இருக்குற எல்லாம்."

"பெங்காலி, தெலுங்குக்காரன் வீடெல்லாம்?"

"எல்லாம்தான்."

சட்டென்று சிரித்துவிட்டார். "அம்புட்டுப் பேரையும் எழுப்புனா எங்க கொண்டுபோய் வைப்பாக? கப்பலு பத்தாதே. என் ஒருத்தன் வீடுன்னுதான் பயந்தேன். எல்லாரு வீடும்னா போட்டுக்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலக அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக்கூட இந்தக் கணக்கு இவ்வளவு சீக்கிரம் வராது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஓடையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு எல்லாரும் கடலத்தான் பாத்துக்கிட்டு நின்னோம். பக்கத்து வீட்டுல ஷெஃபாலின்னு ஒரு பெங்காலிப் பொண்ணு. என்ன செய்யன்னு தெரியாம நின்னா. நான்தான் 'பீச்சே பாகோ, பீச்சே பாகோ'ன்னு கத்துனேன். பின்னாடி ஓடுன்னு. பின்னாடி நாலா. அவ மரப்பாலத்துல கால வைக்கயில தண்ணி அங்கிட்டு இருந்துதான் வந்துச்சு. அவளத் தூக்கிட்டுப் போயிருச்சு. அடுப்படியில தண்ணி நின்னத எல்லாருக்கும் சொல்லுவேன். இத நான் யாருட்டயும் சொன்னதில்ல."

பெரியப்பா திரும்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கும் அது தெரியாது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கலை, இந்தப் படம் அப்பவே இருந்திருந்தா நான் அப்புடிச் சொல்லியிருக்க மாட்டேன்ல?"

"மாட்டீங்க பெரியம்மா."

"அப்பப் போடு. பட்டா வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதை மறைக்கவில்லை. பெரியம்மா இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

திக்லிபூர் கடைத்தெருவில் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று பிரபுவைக் கூப்பிட்டேன். கட்டத்தைச் சின்னதாக்க வேண்டும் என்றதும் "விளையாடறீங்களா? நாள் கணக்கா ஓடும், மார்ச்ல முடியாது" என்று குதித்தான். போனைக் கலையிடம் கொடுத்தேன். அவள் பாலத்தைப் பற்றிச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவனே, "எல்லா இடத்துலயும் வேண்டாம். நாலா ஓரமா மட்டும் கட்டத்தைச் சின்னதாக்கினா போதும். கலை, நாலாவெல்லாம் எங்க எங்கன்னு நீ வரைஞ்சு கொடு" என்றான். உடனே இருவருக்கும் சண்டை ஆரம்பித்தது, பத்து மீட்டரா பதினைந்தா என்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதல்முறை.

மார்ச்சில் முடியவில்லை. மேலிடத்தில் திட்டு வாங்கினேன். மே மாதம் வரைபடம் போனது, ஓடைகள் எல்லாம் நீல நரம்பாக அதில் இருந்தன. பெரியப்பா வீடும் நீலத்தில்தான். பட்டா இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. எங்கள் வரைபடம் அதற்குக் காரணமா என்று தெரியாது. இருக்கலாம். அந்த நினைப்பு என்னை இன்னும் உறுத்துகிறது. ஆனால் அடுத்த வருடம் ஓடைக்கு எதிரே மேட்டில் ஒரு சைரன் கம்பம் நட்டார்கள். சோதனைக்கு ஊதியபோது காது கிழிந்துவிட்டது என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார்.

இனி போகிறவர்களுக்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பேருந்து டிக்கெட்டை முதல் நாளே எடுத்துவிடுங்கள், வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். பணம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். காட்டுக்குள் கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். கடற்கரைப் பக்கம் எங்கே தங்கினாலும், பையை இறக்கி வைத்ததும் கடல் எந்தப் பக்கம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மேடு எந்தப் பக்கம், போகிற வழியில் நாலா இருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கே யாரும் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். கூடவே நடந்து வந்து காட்டுவார்கள்.