பொம்மைக்குக் குரல் கொடுத்த மேரி

ரப்பர் வாசனை, அதோடு டெட்டால், ஃபேன் ஓடியும் போகாத புழுக்கம்... எங்கள் நர்சிங் காலேஜ் சிமுலேஷன் லேபை நினைத்தாலே முதலில் மூக்கில் வந்து நிற்பது அதுதான்.

அங்கே கட்டிலில் ஒரு பொம்மை நோயாளியாகப் படுத்திருக்கும். அதற்குப் பேச வராது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்கோடு ஒருத்தி உட்கார்ந்து குரல் கொடுப்பாள். பெரும்பாலும் சகாயமேரிதான். சேலத்துக்காரி, என் ரூம்மேட். எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டுவதென்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி.

மூன்றாம் வருடம். அன்றைக்கு அந்தப் பொம்மை, குழந்தை பெற்று ஒரு மணி நேரமான தாய். நான் டியூட்டி நர்ஸ். இதில் தேறினால்தான் பிரசவ வார்டு போஸ்டிங். எனக்கோ அந்த வார்டு என்றால் உயிர்.

"ஏனுங்க சிஸ்டர்... நாக்கு வறண்டு போச்சுங்க. ஒரு சொம்பு தண்ணி குடுங்க சாமி."

மைக்கில் மேரி, அப்படியே எங்கள் குமாரபாளையம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு நாடி பார்த்தேன். வேகம். பிபி இறங்கியிருந்தது. "படபடன்னு வருதுங்க" என்றாள். பசி மயக்கம் என்று நானே முடிவு கட்டி, சுகர் டெஸ்ட் மிஷினைத் தேடினேன்.

இடுப்புக்குக் கீழே போர்வை. சுற்றிலும் எங்கள் வகுப்புப் பையன்கள் நான்கு பேர், நோட்டும் கையுமாக. அவர்கள் முன்னால் ஒரு பொம்பளையின் போர்வையை எப்படி விலக்குவது? பொம்மைதான்... ஆனாலும் கை வரவில்லை. லேசாக விலகியிருந்ததைக்கூட இழுத்து மூடிவிட்டேன்!

மானிட்டர் பீ... என்று ஒரே கோடாக நீண்டது.

லேப் நடத்தும் மேடம் வந்து போர்வையை எடுத்தார். விரிப்பு முழுக்கச் சிவப்பு. பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு. கொடுமை என்னவென்றால், அது என் அப்பா நூலுக்குப் போடும் சாயம். மேடம் கேட்டார் என்று டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தவளே நான்தான். எதற்கு என்று ஒரு நொடி யோசிக்கவில்லை, மக்கு!

"ஏனுங்க சிஸ்டர்... இப்படிக் கொன்னுபோட்டீங்களே" என்றது ஸ்பீக்கர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

மேடம் திட்டவில்லை. "வெக்கம் உனக்கா, அந்தம்மாளுக்கா? திரைய இழுத்து உட்டுட்டுப் பாத்திருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

மறுவாரம் திரும்பச் செய்தேன். திரையை இழுத்து, சொல்லிவிட்டுப் போர்வையை விலக்கினேன். உதவிக்கு ஆள் கூப்பிட்டு, கர்ப்பப்பை இறுகும்வரை வயிற்றைத் தேய்த்தேன். பொம்மை பிழைத்தது. போஸ்டிங்கும் கிடைத்தது.

சில வருடம் கழித்து, நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு மேரியே பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"ஏய்... தண்ணி குடுடி. நாக்கு வறளுது."

என் கை தண்ணீருக்குப் போகவில்லை. திரையை இழுத்தது, போர்வையை விலக்கியது.

சிவப்பு... இது சாயம் இல்லை.

"டாக்டரக் கூப்புடுங்க!" என்று கத்திக்கொண்டே வயிற்றைத் தேய்த்தேன். டாக்டர் ஓடி வந்தார், மருந்து ஏறியது, ரத்தம் நின்றது.

மேரி கண்ணைத் திறந்து, அதே பழைய குரலில் சொன்னாள்: "ஏனுங்க சிஸ்டர்... இந்தத் தடவ நான் சாவலீங்க."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

இப்போது காலேஜில் கண் சிமிட்டி, வியர்த்து, தானே பேசும் பொம்மை வந்துவிட்டதாம். நேற்று ஒரு ஜூனியர் வீடியோ அனுப்பியிருந்தாள். நல்ல பொம்மைதான், குரலும் தெளிவு... ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு அதற்கு வரவில்லை.

மேரியிடம் இதைச் சொல்லலாமென்று போன் போட்டேன். எடுத்தது அவள் மகள்.

"ஏனுங்க சிஸ்டர்..." என்றாள்.