பெரியப்பா ராட்டினம் ஏறிய கதை

எங்கள் பெரியப்பா சேலம் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறினார் என்று ஊருக்குள் ஒரு கதை ரொம்ப நாள் உலாவிக்கொண்டிருந்தது. அது சுத்தப் பொய். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள், எனக்குத் தெரியாதா?

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். அந்த ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தவர், சேலத்தில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன் என்று அப்பாருவிடம் சொன்னார். அப்பாரு என்றால் அப்பாவுக்கு அப்பா. எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவதற்குக்கூட அவரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு, தம்பிக்கு மூன்று. தம்பி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத ஜென்மம். அவனால்தான் அம்மாவுக்கே அனுமதி கிடைத்தது. "பையனப் பாத்துக்கத்தான் போற. நீ வேடிக்கை பாக்கறதுக்கில்ல" என்று அப்பாரு சொல்ல, அம்மா தலையை ஆட்டினாள். போதாததற்குப் பெரியப்பாவையும் காவலுக்கு அனுப்பினார். பெரியம்மாவுக்கு லாரி என்றாலே வாந்தி வரும் என்பதால் வரவில்லை.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். அவர் மீசையைப் பார்த்தால் சந்தையில் மாட்டுத் தரகர்கள்கூட விலையைக் குறைத்துவிடுவார்கள். அம்மா அவருக்கு எதிரே உட்கார மாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். புருஷனின் அண்ணனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு பிள்ளை வேண்டும். "உங்க பெரியப்பாவுக்குச் சோறு போடட்டுமான்னு கேளு சாமி" என்பாள். அவர் நாலடி தூரத்தில்தான் இருப்பார், காதிலும் விழுந்திருக்கும். ஆனாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் வரும். வீட்டில் அந்த உத்தியோகம் என்னுடையது. அண்ணனுக்குக் கிடைக்காத உத்தியோகம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆகவே லாரியின் முன்பக்கம் அப்பாவும் பெரியப்பாவும். பின்னால் படுதாவை விரித்து, அதன்மேல் அம்மாவும் நாங்களும். என்னைக் கேட்டால் அன்றைய பொருட்காட்சியில் அதுதான் முதல் ராட்டினம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எல்லோரும் எம்பி எம்பி விழுந்தோம். சேலம் போய்ச் சேர்ந்தபோது எங்கள் தலைமுடியெல்லாம் செம்மண் நிறத்தில் இருந்தது.

உள்ளே போனதும் ஆரம்பித்தது ரகளை. அண்ணனுக்கு மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். எனக்குப் பெரிய ராட்டினம். தம்பிக்கு என்ன வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை, எதைக் காட்டினாலும் அழுதான். குதிரை ராட்டினத்தில் உட்காரவைத்தால் குதிரை கடிக்கும் என்று கத்தினான். குட்டி ரயிலில் அவனோடு ஏறச் சொன்னால் அண்ணனுக்கு அவமானம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மரணக் கிணற்றின் சத்தத்தில் தம்பி மூச்சே விடாமல் வீறிட, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றாள். நாங்கள் எதைப் பார்த்தாலும் அம்மா அதற்கு வெளியேதான் நின்றாள். அதில் விசேஷம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாக்கள் என்றால் வெளியே நிற்பவர்கள்தானே.

கடைசியில் பெரிய ராட்டினம். அப்பா, அண்ணன், நான் மூவரும் ஒரு பெட்டியில் ஏறினோம். மேலே போனதும் நான் கண்ணை இறுக்கி மூடியவள்தான், கீழே வந்த பிறகுதான் திறந்தேன். இறங்கினதும் அம்மா ஓடிவந்தாள்.

"மேல போனா என்ன தெரியுது சாமி? ஏற்காட்டு மலை தெரியுதா? ரோட்டுல போற பஸ்ஸு தெரியுதா? நம்மூரு பக்கந் தெரியுமா?"

எல்லாம் தெரிகிறது, நம் வீட்டுக் கட்டுத்தறியில் எருமை நிற்பதுகூடத் தெரிகிறது என்று அளந்துவிட்டேன். அம்மா அதை நம்பி வாயைப் பிளந்தாள். தலையை அண்ணாந்து உச்சிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மெதுவாக, "நீயும் ஒருக்கா வாயேன் புள்ள" என்றார். அம்மாவின் கண் சட்டென்று பெரியப்பா நின்ற பக்கம் போய்த் திரும்பியது.

"எனக்கெதுக்குங்க, தலை சுத்தும்."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். எங்கோ பார்த்துக்கொண்டு என்னிடம், "உங்கம்மாளப் போயி ஏறிட்டு வரச் சொல்லு கண்ணு" என்றார்.

நான் சொன்னேன். அம்மா நடுங்கிப்போய், "பையன் யாருகிட்டயும் இருக்க மாட்டானுங்கன்னு சொல்லு சாமி" என்றாள்.

"எங்கிட்ட இருப்பான்னு சொல்லு. நான் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கறேன்னும் சொல்லு."

இரண்டையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தம்பியை வாங்கிக்கொண்டார். அவர் ஒரு பிள்ளையைத் தூக்கி நான் பார்த்தது அன்றுதான். கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோலக் காலையும் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார். நானும் அம்மாவோடு ஏறுகிறேன் என்று ஓடப்போனேன், என் மணிக்கட்டை இரும்பாகப் பிடித்துக்கொண்டார். அண்ணன் டெல்லி அப்பளத்துக்குப் பின்னால் முகம் மறைந்து நின்றான்.

அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்த பெட்டி ஓர் ஆள் உயரம் போனதும் தம்பி ஆரம்பித்தான். அப்பப்பா, என்ன அழுகை! பொருட்காட்சியே திரும்பிப் பார்த்தது. அம்மா மேலேயிருந்து கையை ஆட்டி, "இறக்கி உடச் சொல்லுங்க, இறக்கி உடச் சொல்லுங்க" என்று கத்தினாள். ராட்டினக்காரன் கையைத் தூக்கி நிறுத்தப்போனான். பெரியப்பா அவனைப் பார்த்து, "நீ சுத்துப்பா!" என்று ஒரு அதட்டல் போட்டார். பிறகு ராட்டினத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தம்பியின் கையை எடுத்துத் தன் மீசையில் வைத்தார். தம்பி பிடித்து இழுத்தான். பெரியப்பா வலியோடு, "ஹை, ட்ரியோ!" என்று ஏர்மாடு ஓட்டுவதுபோலச் சத்தம் கொடுத்தார். தம்பிக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு இழுப்பு, இன்னொரு சத்தம்.

அப்போதுதான் மேலேயிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா வாயைப் புடவையால் மூடிக்கொண்டு சிரித்துத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது அப்படியில்லை. முந்தானை பறக்க, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பெண்போலக் கூவிக் கூவிச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பெரியப்பா, எங்கம்மா சிரிக்கறாங்க! திரும்பிப் பாருங்க!"

"நீ பாரு கண்ணு" என்றார். கடைசிவரை திரும்பவே இல்லை. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அடேயப்பா, இந்த ஆளுக்கு ராட்டினம் என்றால் இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இறங்கிவந்து தலை நிமிராமல் தம்பியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அப்பாரு என்னைக் கூப்பிட்டு, "ஏஞ்சாமி, என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டார். நான் விடுவேனா? ரயில், கிணறு, அப்பளம் என்று வரிசையாகச் சொல்லி, தம்பி அழுததையும் பெரியப்பா அவனைத் தூக்கி வைத்திருந்ததையும் சொன்னேன்.

"அவன் எதுக்குத் தூக்குனான்? உங்கம்மா எங்க போனா?"

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அப்பா வாசலைப் பார்த்தார். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"நாந்தானுங்கப்பா, பையனையும் தூக்கிக்கிட்டு ராட்டினத்துல ஏறிட்டேன். அதுலதான் அழுதுட்டான்."

அப்பாரு அவரை மேலும் கீழும் பார்த்தார். "மீசை நரைச்சதுக்கப்பறம் உனக்கு ராட்டினங் கேக்குதா?" என்று தொடங்கியவர், தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் பெரியப்பா போய் உட்கார்ந்தால், "என்னுங்க, ஒரு சுத்துப் போலாங்களா?" என்று கேட்காத ஆளில்லை. அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய மனுஷர் இப்படிக் கூசாமல் பொய் சொல்லலாமா? அடுப்படியில் அண்ணனிடம், "பெரியப்பா ஏறவே இல்ல. பயந்தாங்கொள்ளி! ராட்டினத்தத் திரும்பிக்கூடப் பாக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து முதுகில் ஓர் அடி விழுந்தது. அதுவரை எங்கள் மேல் கைவைத்தே அறியாத அம்மா.

பார்த்ததைத்தானே சொன்னேன் என்று நான் அழுதேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அவளும் அழுதாள். அடி வாங்கியவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.