கையைத் தூக்கினால் நிற்கும் வண்டி

மாத்தளைப் பாதையில் எங்கள் ஊர் ஸ்டேஷனில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை. ஆட்கள் உட்காரும் வாங்கைக் கறையான் தின்றுவிட்டது. டிக்கெட் ஜன்னலில் பலகை அடித்துவிட்டார்கள். நின்ற காலத்திலும் அது பெரிய ஸ்டேஷன் ஒன்றுமில்லை. ஆள் ஏறுவதென்றால் மேடையில் நின்று கையைத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் வண்டி ஊதிக்கொண்டே போய்விடும். டிக்கெட் கொடுப்பது, கொடி காட்டுவது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் என் அப்பாதான். மிடுக்கு மட்டும் கண்டி ஸ்டேஷன் மாஸ்டருக்குக் குறையாது.

அக்காவை மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவள் புருஷன் வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. இந்தியாவுக்குக் கப்பலேற அன்று பகல் வண்டியில் தலைமன்னாருக்குப் போகிறார்கள் என்ற செய்தி, காலையில்தான் எங்களுக்கு எட்டியது. அம்மாவும் நானும் மேடைக்கு ஓடினோம்.

"கையை மட்டும் தூக்கிறாதீங்க," என்றார் அப்பா. "ஏறாத ஆளுக்கு வண்டி நின்னா, மேலிடத்துக்குப் பதில் சொல்றது நானு. கண்ணால பாத்துக்கங்க, அது போதும்."

பெற்ற மகள் கடல் தாண்டிப் போகிறாள், கையசைக்கக் கூடாதாம்! எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வண்டி வந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைப் போட்டுக் கையை ஆட்டினாள். திடீரென்று பிரேக் கிறீச்சிட்டது. அம்மாவைத்தான் முதலில் பார்த்தேன். கை முந்தானைக்குள்தான் இருந்தது. திரும்பினால், அப்பாவின் கை தலைக்கு மேலே நின்றது.

"யாரு ஏறுறது?" என்று டிரைவர் எட்டிப் பார்த்தார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து டிக்கெட் ஒன்றை எடுத்தார். அன்றைய தேதி ஏற்கெனவே குத்தியிருந்தது. அதை அம்மாவிடம் கொடுத்து, "ஏறு. கண்டி வரைக்கும் அவ பக்கத்துல உக்காந்துட்டு வா," என்றார். செருப்புக்கூட இல்லாமல் அம்மா ஏறினாள்.

"நீங்க வரலையாப்பா?" என்று அக்கா அழுதாள்.

"நான் வந்துட்டா கொடி யாரு காட்டுறது?"

பச்சைக்கொடி காட்டினால்தான் வண்டி நகரும். கொடி அவர் கையில் சுருண்டே இருந்தது. இஞ்சின் ஒருதரம் ஊதியது. அப்பா அசையவில்லை. இன்னொருதரம் ஊதியது. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம்தரம் ஊதியபோது, நான்தான் கொடியை விரித்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.