பியூலா அக்கா எடுத்த முகங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஒரு வரவேற்புப் படத்தில், மணப்பெண்ணின் கழுத்தில் விழுந்திருந்த மேடை விளக்கின் ஊதா நிறத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். பியூலா அக்காவின் கணவர் ராஜன் அண்ணன் போனில் அழைத்தார்கள்.

“செல்வி, பியூலா போயிட்டா.”

“எங்கண்ணே?” என்று கேட்டேன். முகூர்த்த மாதம். ஏதோ ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன், “குளிச்சிட்டு வந்து உக்காந்தா. நெஞ்சு வலிக்குன்னா. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு” என்றார்கள்.

“சரிண்ணே” என்றேன். வேறு எதுவும் சொன்னதாக நினைவில்லை. போனை வைத்துவிட்டு அந்தப் படத்தை முடித்தேன். அடுத்த இரண்டு படங்களையும் முடித்தேன். கழுத்தின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்ததுகூட நினைவிருக்கிறது. பிறகுதான் கணினியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இன்றோடு எட்டு நாள் ஆகிறது. இன்னும் அழவில்லை. சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

பியூலா அக்கா தூத்துக்குடியில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கல்யாணப் படம் எடுத்தவர்கள். பிறந்து வளர்ந்தது நாசரேத். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு ஸ்டுடியோவில், கழுவி வந்த படங்களை வெட்டி உறையில் போடும் வேலை பார்த்தார்கள். ஒரு நாள் காயல்பட்டினத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, “பொண்ணு இருக்கிற அறைக்குள்ள ஆம்பள வரக் கூடாது. படம் எடுக்கப் பொம்பள யாராச்சும் உண்டா?” என்று கேட்டிருக்கிறது. முதலாளி சுற்றிப் பார்த்திருக்கிறார். அங்கிருந்த ஒரே பெண் அக்கா. கேமராவை அக்காவின் கையில் கொடுத்து, எதை அமுக்க வேண்டும் என்று மட்டும் காட்டி அனுப்பிவிட்டார்.

“முப்பத்தாறு படத்துல பதினொண்ணுலதான் கண்ணு தொறந்திருந்துது” என்று அக்கா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் தாயார் கோபப்படவில்லையாம். மூத்த மகளின் கல்யாணத்தில் ஒரு படம்கூட இல்லாத வீடு அது. பதினொன்று அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து அடுத்த மகளுக்கும் அக்காவையே கூப்பிட்டார்கள்.

நான் அக்காவைச் சந்தித்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது, அக்காவுக்கு முப்பத்தைந்து. எனக்கு ஊர் ஆறுமுகநேரி. தூத்துக்குடியில் ஒரு கடையில் பாஸ்போர்ட் படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். பெண்கள் அறையில் எடுக்கும் படங்களை ஓர் ஆணிடம் கொடுத்துத் திருத்தச் சொல்ல முடியாது. அதனால் ஒரு பெண்ணைத் தேடி அக்கா கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். என் பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த ஒரு பள்ளிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். நான் அதை வெளுக்க வைத்து முடித்திருந்தேன்.

“ஏளா, இந்தப் பிள்ளையோட வீட்டு நாய்கூட இவள அடையாளம் கண்டுபிடிக்காது” என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. “எல்லாரும் வெள்ளையாத்தான் கேக்காங்க” என்றேன்.

“கேட்டாளா?”

அந்தப் பிள்ளை கேட்கவில்லை. படத்தைப் பழையபடி மாற்றினேன். அடுத்த வாரமே, பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு மாடியறையில் அக்காவோடு வேலைக்குச் சேர்ந்தேன். பதினேழு வருடங்கள் அந்த அறையில் கழிந்தன. அக்கா வெளியே போய் எடுப்பார்கள். நான் உள்ளே உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு கல்யாணத்துக்கும் நான் போனதில்லை.

காயல்பட்டினத்துப் படங்கள் வந்துவிட்டால் கதவைத் தாழிட்டுவிடுவோம். திரை சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு மணப்பெண்ணின் தாயாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கண் முன்னாலேயே எங்கள் கணினியிலிருந்து அழிப்போம். ஆகவே அக்கா எடுத்த மிகச் சிறந்த படங்கள் எங்களிடம் இல்லை. மருதாணி காயாத கையோடு தங்கையின் தலைக்குப் பூ வைக்கும் ஒரு மணப்பெண்ணின் படம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை உங்களுக்குக் காட்ட முடியாது. இந்தக் கட்டுரையோடு சேர்க்க ஒரு படம் வேண்டும் என்று கேட்ட பத்திரிகைக்காரர்களுக்கும் இதையேதான் சொன்னேன்.

அக்கா தொழிலைப் பற்றிப் பெரிய வார்த்தைகள் பேசியதில்லை. சின்னச் சின்னதாகத்தான் சொல்வார்கள். தேவாலயக் கல்யாணத்தில் பெண் வெள்ளைச் சேலையில் வந்தால், சேலையின் நெசவு தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் வைப்பார்கள். “முகம் கொஞ்சம் இருட்டா வந்தா நீ அங்கன உக்காந்து வெளிச்சத்தத் தூக்கிருவ. வெள்ள வெளிறிப்போச்சுன்னா உங்க அப்பா வந்தாலும் நெசவத் திருப்பிக் கொண்டார முடியாது.” உப்பளத்தில் படம் எடுக்க வேண்டும் என்று ஜோடிகள் ஆசைப்படுவார்கள். உப்பு கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். தாடைக்குக் கீழே நிழலே இல்லாமல் முகம் தட்டையாகிவிடும். அதற்காக அக்கா ஒரு கறுப்புப் போர்வையைக் கொண்டுபோய், படத்தில் விழாதபடி அவர்கள் காலுக்குப் பக்கத்தில் விரிப்பார்கள். மண்டபத்தில் குடும்பப் படம் என்றால் முதலில் வயதானவர்கள். “பெருசுகள பந்திக்கு முன்னாடி எடுத்துரணும். சாப்பிட்டா அதுக பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரும்.”

தவறு செய்யாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு கல்யாணத்தில், குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவோடு நேராக வெளியே வந்திருக்கிறார்கள். கடல் காற்று பட்டதும் லென்ஸ் முழுக்க ஆவி. துடைத்து முடிப்பதற்குள் தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளையை இன்னொரு முறை கட்டுவது போல நிற்கவைத்து எடுத்துவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. மாலை கழற்றுவதற்குள் பெண்ணின் தாயாரிடம் போய், “அம்மா, தாலி கட்டுன படம் எங்கிட்ட இல்ல. தப்பு என் மேல” என்று சொன்னார்கள். அந்த அம்மா அத்தனை பேர் நடுவில் வைத்துப் பேசிய பேச்சை அக்கா என்னிடம் முழுதாகச் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு எந்த மண்டபத்திலும் வெளியே வந்து கால் மணி நேரம் பையைத் திறக்க மாட்டார்கள்.

நான் செய்த தவறு அதைவிடப் பெரியது.

திரேஸ்புரத்தில் அனிட்டா என்றொரு பெண்ணின் கல்யாணம். தகப்பனாருக்குச் சொந்தப் படகு. சின்ன வயதில் கொதிக்கிற தண்ணீர் கொட்டி, அனிட்டாவின் இடது காதிலிருந்து தாடை வரை ஒரு வடு இருந்தது. அக்கா அந்தப் பக்கத்தையும் மறைக்காமல்தான் எடுத்திருந்தார்கள். படங்களைக் கொண்டுவந்து கொடுத்த மறுநாள், அக்காவின் தாயாருக்கு உடம்புக்கு முடியாமல் போய்த் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா அங்கேயே இருந்துவிட்டார்கள். நான் தனியாக இருந்தேன். பக்கத்துத் தோலை எடுத்து வடுவின் மேல் ஒட்டி ஒட்டி, நான்கு நாட்களில் முந்நூறு படங்களிலும் அந்த வடுவை எடுத்துவிட்டேன். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அந்தப் பெண் பார்த்துச் சந்தோஷப்படும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது. அக்கா பார்க்காமலேயே ஆல்பம் அச்சுக்குப் போய், வீட்டுக்கும் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அனிட்டா தனியாக வந்தாள். அக்கா அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஆல்பத்தை மேசை மேல் வைத்துத் திறந்தாள்.

“இத யாருக்கா அழிச்சது?”

அக்கா இரண்டு பக்கம் புரட்டினார்கள். என்னைப் பார்த்தார்கள். பிறகு, “நாங்கதாம்மா. எங்க தப்பு” என்றார்கள்.

“எங்க வீட்டுக்காரரு என்னைய இப்படியே பாத்துத்தான் கட்டுனாரு. நீங்க ஆல்பம் குடுத்த அன்னைக்கு அவரு ஒண்ணுமே சொல்லலக்கா. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு.” அனிட்டா ஆல்பத்தை மூடினாள். “அப்படிப் பாத்தது எனக்குப் பிடிக்கல.”

கீழே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “புதுசாப் போட்டுத் தாரேன். இத இங்கனயே விட்டுட்டுப் போ” என்றார்கள் அக்கா. அனிட்டா படியிறங்கிப் போனாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார்கள். ஒரிஜினல் படங்களைத் திறக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றாக மறுபடி செய்தோம்.

“நல்லதுன்னு நெனச்சுத்தாங்க்கா செஞ்சேன்” என்றேன்.

“தெரியும். அவகிட்ட கேட்டியா?”

“இல்ல.”

“பத்து நாள்ல போற மொகப்பருவ நீ எடுத்துக்க. சின்ன வயசுலேருந்து கூடவே வாரத, கேக்காமத் தொடாத.”

அவ்வளவுதான் சொன்னார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு பெண் வந்து, நெற்றியிலிருந்த மச்சத்தை எல்லாப் படத்திலும் எடுத்துவிடச் சொன்னாள். நான் தயங்கி அக்காவைப் பார்த்தேன். “எடுத்துரு. அவ மூஞ்சி, அவ கேக்கா. நமக்கென்ன?” என்றார்கள். அனிட்டா தன் முதல் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அக்காவைத்தான் கூப்பிட்டாள். அந்தப் படங்களையும் நான்தான் திருத்தினேன். வெளிச்சத்தை மட்டும் சரி செய்தேன்.

அடக்கம் நாசரேத்தில் நடந்தது. புதன்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். காயல்பட்டினத்திலிருந்து வேன் வைத்துக்கொண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அனிட்டாவும் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்கும் தட்டை வாங்கிக்கொண்டு இரண்டு சுற்று வந்தேன். யாரோ “கொஞ்சம் உக்காரு பிள்ள” என்றார்கள். உட்கார்ந்தேன்.

பெட்டியை மூடுவதற்கு முன் ராஜன் அண்ணன், “குடும்பமா ஒரு படம் எடுத்துக்கிடணும்” என்றார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தூத்துக்குடி போட்டோகிராபர்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் நின்றிருந்தார்கள். மரியாதைக்காக ஒருவரும் கேமரா கொண்டுவரவில்லை. மகன் ஆல்வின் தன் போனை எடுத்து, யாரென்று பார்க்காமல் பக்கவாட்டில் நீட்டினான். அங்கே நின்றது நான்.

உறவினர்கள் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். யார் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அண்ணனின் அக்காமார் இருவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு விலகியதில், தலைமாட்டில் யாருமே இல்லை. “எங்கன நிக்கணும், யாராச்சும் சொல்லுங்களேன்” என்றார்கள் இருவரில் மூத்தவர்.

“அண்ணே, நீங்க தலமாட்டுக்கு வாங்க” என்றேன். “ஆல்வின், அப்பா பக்கத்துல நில்லு. மதினி, ரெண்டு பேரும் இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க.” என் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. நிற்கவைத்துவிட்டு, “எல்லாரும் இங்க பாருங்க” என்றேன்.

எல்லாரும் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை.

மூன்று படங்கள் எடுத்தேன். போதகர் ஜெபித்தார். பெட்டியை மூடினார்கள். தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஆல்வின் திரும்பி வந்து, “சித்தி, போனு” என்றான். இன்னொரு முறை கேட்டான். என் விரல்களைப் பிரித்து அவனே எடுத்துக்கொண்டான்.

போய் வாருங்கள், அக்கா.